டிசம்பரில் வராதீர்கள், ஓகஸ்டில் வாருங்கள்

தங்கச்சி, நீங்கள் வெள்ளவத்தையிலிருந்து கேட்டது இதுதான்: குடும்பமாக நியூயோர்க், ஸ்டேட்டன் ஐலண்டுக்கு வரப்போகிறீர்கள். முதலில் டொம்கின்ஸ்வில்லில் கணவரின் அண்ணன் வீட்டில் தங்குவீர்கள். மகள் 2013இல் பிறந்தவ, இப்போது தரம் 8. மகன் 2016இல் பிறந்தவன், தரம் 5, புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் வகுப்பு. மகனின் பெறுபேறும் வரட்டும், ஆண்டும் முடியட்டும், டிசம்பரில் புறப்படலாம் என்று நினைக்கிறீர்கள். நல்ல பள்ளிக்கூடம் கிடைக்க எவ்வளவு தூரத்துக்குள் வீடு எடுக்க வேண்டும், கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான விசேட பள்ளிகளில் எப்படிச் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீட்டைப் பற்றிப் பிறகு பார்ப்போம். முதலில் பயணத் திகதியை மாற்றுங்கள். டிசம்பரில் வந்தால் மகளுக்கு உள்ள இரண்டு பெரிய கதவுகளும் மூடிய பிறகுதான் வந்து சேருவீர்கள்.

இங்கே உயர்நிலைப்பள்ளி 9ஆம் வகுப்பில் தொடங்குகிறது. அதற்கான விண்ணப்பத்தை 8ஆம் வகுப்பில் படிக்கும்போதே போட வேண்டும். ஒக்டோபர் தொடக்கத்தில் திறந்து டிசம்பர் தொடக்கத்தில் மூடிவிடுவார்கள். விசேட உயர்நிலைப்பள்ளிகளுக்கான எஸ்.எச்.சாட் பரீட்சை நவம்பரில் நடக்கும், அதற்குப் பதிவு செய்யும் காலம் ஒக்டோபரோடு முடிந்துவிடும். இரண்டுக்கும் மார்ச் மாதத்தில் முடிவு வரும். வகுப்பைப் பிறந்த ஆண்டை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பிறந்த ஆண்டோடு 5ஐக் கூட்டினால், 1ஆம் வகுப்புக்கு முந்திய கின்டர்கார்டன் தொடங்கும் ஆண்டு. அந்தக் கணக்கில் மகள் 2026 செப்டெம்பரில் 8ஆம் வகுப்பு, மகன் 5ஆம் வகுப்பு. மகள் விண்ணப்பம் போடவேண்டிய பருவம் சரியாக இந்த ஒக்டோபர்தான்.

இன்னொன்று. விண்ணப்பம் முழுவதும் மை ஸ்கூல்ஸ் என்ற இணையத்தளத்தில் நடக்கிறது. அதற்குப் பிள்ளையின் ஓசிஸ் எண் வேண்டும், அது ஒன்பது இலக்க மாணவர் எண். பள்ளியில் பதிந்தால்தான் அந்த எண் கிடைக்கும். செப்டெம்பரில் வகுப்பு தொடங்குவதற்கு முன், ஓகஸ்ட் கடைசியிலேயே பதிந்துவிட்டால் ஒக்டோபருக்குள் எல்லாம் சீராகிவிடும்.

மகன் இரண்டு வருடமாக இரவும் பகலும் படித்த பரீட்சையை எழுதாமல் வரச்சொல்ல எனக்கும் மனமில்லை. எழுதட்டும். ஆனால் பெறுபேறு வரும்வரை அங்கே இருக்காதீர்கள். வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை எடுத்தாலும் இங்கே எந்தப் பள்ளியும் அதைக் கேட்காது. மகனுக்கு வராத ஒரு பயனுக்காக மகளின் ஓர் ஆண்டைக் கொடுக்க வேண்டாம்.

இனி தூரம். கொழும்பில் முதலாம் தரத்துக்கு வீட்டு உறுதி, வாக்காளர் இடாப்பு, மின்கட்டணப் பட்டியல் என்று வருடக்கணக்காகச் சேர்த்து, இடையில் உள்ள பள்ளிகளுக்குப் புள்ளி கழித்து, நேர்முகத்தில் நடுங்கிக்கொண்டு இருக்கிறோமே, இங்கே அந்த முறை இல்லை. ஸ்டேட்டன் ஐலண்டில் ஒவ்வொரு விலாசத்துக்கும் ஒரு வலயப் பள்ளி உண்டு. வலயத்துக்குள் இருந்தால் போதும், பத்து நாளைக்கு முன் குடிவந்தவருக்கும் பத்து வருடமாக இருப்பவருக்கும் ஒரே உரிமை. ஆனால் வலயக் கோடு தெருவின் நடுவிலும் போகும். எதிர்வீட்டுக்கு ஒரு பள்ளி, உங்கள் வீட்டுக்கு வேறொன்று. அதனால் வாடகை வீட்டுக்கு முற்பணம் கொடுக்கும் முன் அந்தச் சரியான கதவிலக்கத்தைப் போட்டுக் கல்வித் திணைக்களத் தளத்தில் தேடுங்கள், அல்லது நகரத்தின் தகவல் எண்ணான 311க்கு அழைத்துக் கேளுங்கள். வீட்டுத்தரகர் சொல்வதை நம்பி ஒப்பம் வைக்க வேண்டாம்.

நியூயோர்க்கின் மற்றப் பகுதிகளில் வலய உயர்நிலைப்பள்ளி அருகிவிட்டது. ஸ்டேட்டன் ஐலண்டில் இன்னும் இருக்கிறது: கேர்டிஸ், நியூ டோர்ப், போர்ட் ரிச்மண்ட், சூசன் வாக்னர், டொட்டன்வில். ஆகவே எதுவுமே சரிவராவிட்டாலும் மகளுக்கு ஒரு கூரை நிச்சயம் உண்டு. அதிலும் டொம்கின்ஸ்வில்லுக்குப் பக்கத்தில் சென். ஜோர்ஜில் உள்ள கேர்டிஸ், ஐ.பி. டிப்ளோமா என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தை நடத்தும் பள்ளி. வலயப் பள்ளி என்றாலே மட்டம் என்று ஊரிலிருந்து வருபவர்கள் முகம் சுளிப்பதுண்டு. அது தவறு.

விசேட பள்ளிகள் என்று சட்டப்படி சொல்லப்படுபவை ஒன்பது. அதில் எட்டுக்கு எஸ்.எச்.சாட் ஒன்றுதான் வாசல். ஸ்டைவசன்ட், பிரொங்ஸ் சயன்ஸ், புரூக்ளின் டெக் ஆகிய மூன்றுக்கும் பரீட்சை மூலம்தான் அனுமதி என்று 1971இல் மாநிலச் சட்டமே போட்டார்கள். உங்களுக்கு முக்கியமானது ஸ்டேட்டன் ஐலண்ட் டெக். டொம்கின்ஸ்வில்லில் ரயில் ஏறினால் அதே பாதையில் நியூ டோர்ப் பக்கம் இறங்கலாம். ஸ்டைவசன்ட் என்றால் இலவசப் படகில் 25 நிமிடம், பிறகு மன்ஹாட்டனில் கொஞ்சத் தூரம். அதுவும் முடியும். பிரொங்ஸ் சயன்ஸ் நகரத்தின் மறு அந்தத்தில் இருக்கிறது, 13 வயதுப் பிள்ளையை நான்கு வருடம் தினமும் அந்தத் தூரம் அனுப்புவதைப் பெயருக்காகச் செய்ய வேண்டாம்.

பரீட்சைக்குக் கட்டணம் இல்லை. மூன்று மணி நேரம், ஆங்கிலமும் கணிதமும். இரண்டுக்கும் சம எடை. பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கமாட்டார்கள், அதனால் ஒரு கேள்வியையும் வெறுமையாக விடக்கூடாது. கல்குலேட்டர் இல்லை, அது கொழும்புப் பிள்ளைகளுக்குச் சாதகம். கணிதப் பாடமும் பெரும்பாலும் அவர்கள் படித்ததுதான். இடறுவது அலகுகளில்: அடி, அங்குலம், கலன், ஒரு குவாட்டர் 25 சதம், ஒரு டைம் 10 சதம், ஒரு நிக்கல் 5 சதம். "குவாட்டர்களும் டைம்களுமாக 13 நாணயம், மொத்தம் 2 டொலர் 20 சதம்" என்று வந்தால் சமன்பாடு எழுதத் தெரிந்த பிள்ளையும் முதல் வரியில் நின்றுவிடும். இதைச் சரிப்படுத்த ஒரு கிழமை போதும். ஆங்கிலத்துக்கு அப்படி அல்ல. பந்தியில் எந்த வாக்கியம் தேவையற்றது, காற்புள்ளி எங்கே பிழை, எந்த வசனம் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறது என்று கேட்பார்கள். கவிதையும் தருவார்கள். இலக்கணத்தை மனப்பாடம் செய்து இது வராது, இன்றிலிருந்தே தினமும் அரை மணி நேரம் ஆங்கிலப் பந்தி வாசிக்கட்டும். கல்வித் திணைக்களம் மாதிரிப் பரீட்சைகளுடன் கைநூல் ஒன்றை இலவசமாகத் தருகிறது. ரியூஷனுக்குக் காசு கட்டும் முன் அதை நேரம் பார்த்து இரண்டு தரம் செய்விக்கவும்.

இந்த நவம்பர் எப்படியாவது தவறிவிட்டால், 9ஆம் வகுப்பில் இருக்கும்போது 10ஆம் வகுப்புக்காக இன்னொரு முறை எழுதலாம். ஆனால் இடங்கள் மிகக் குறைவு.

ஒன்பதாவது பள்ளி லாகுவார்டியா, கலைகளுக்கானது. எஸ்.எச்.சாட் கிடையாது, திறமையை நேரே காட்டும் ஒடிஷன் உண்டு. மகள் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் தரம் எடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சான்றிதழை யாரும் பார்க்கமாட்டார்கள். பாடுவதைத்தான் பார்ப்பார்கள்.

மற்றப் பள்ளிகளுக்கான பட்டியலில் 12 வரை தெரிவு செய்யலாம். இங்கேதான் பெற்றோர் பெரும்பாலும் கெடுத்துக்கொள்வது. "முதலாவதாகப் போடாவிட்டால் அந்தப் பள்ளி கோபிக்கும்" என்று பயந்து, கிடைக்கக்கூடிய பள்ளியை முதலில் போடுகிறார்கள். நீங்கள் எத்தனையாவதாகப் போட்டீர்கள் என்பது பள்ளிக்குத் தெரியாது. கணினி உங்கள் முதல் விருப்பத்தில் தொடங்கிப் பார்க்கும். அது கிடைக்காவிட்டால் இரண்டாவதில், அதை முதலாவதாகப் போட்டவர்களோடு சரிசமமாகவே உங்களையும் வைக்கும். பொருளியலில் 2012ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற அல்வின் ரோத்தும் வேறு சிலரும் சேர்ந்து வடிவமைத்த முறை இது. உண்மையான விருப்பத்தை உண்மையான வரிசையில் எழுதுபவர் நட்டப்படாதபடிதான் அதைச் செய்திருக்கிறார்கள். பட்டியலைப் பாதியில் விடாமல் நிரப்புங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சீட்டு எண்ணும் உண்டு. எழுத்தும் இலக்கமும் கலந்த நீண்ட கோவை அது. முதல் இரண்டு குறியைப் பாருங்கள்: 0இல் தொடங்கினால் மிக நல்லது, எஃப் எழுத்தில் தொடங்கினால் வரிசையின் கடைசி. எல்லாப் பள்ளிக்கும் அதே எண்தான். எண் நல்லதென்றால் கடினமான பள்ளிகளைத் துணிந்து போடலாம். கெட்டதென்றால் வலயப் பள்ளியைக் கட்டாயம் பட்டியலில் சேர்க்கவேண்டும். எஸ்.எச்.சாட் இடங்களுக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

மதிப்பெண் பார்த்து எடுக்கும் பள்ளிகள் 7ஆம் வகுப்புப் புள்ளிகளைத்தான் பார்க்கின்றன. மகளுக்கு அது கொழும்பு அறிக்கை. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நம்மிடம் 75க்கு மேல் ஏ. இங்கே 78 என்றால் நடுத்தரம், 90க்கு மேல்தான் கெட்டிக்காரி. வெறும் 78 என்று தாளில் வந்தால் மகளின் ஏ இங்கே கண்ணுக்குப் படாது. அதனால் அதிபரிடம் பாடசாலைக் கடிதத் தலைப்பில், முத்திரையோடு, 75 முதல் 100 வரை ஏ, 65 முதல் 74 வரை பி என்று தரமுறையை எழுதி, வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்பதையும் குறிப்பிட்டு வாங்குங்கள். தமிழில் உள்ள அறிக்கைகளை அங்கேயே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்கிக்கொள்ளுங்கள். இங்கே அதே வேலைக்குப் பல மடங்கு செலவு.

பதியும் நாளில் வீட்டுமொழிப் படிவம் தருவார்கள். "ஆங்கிலம் என்று எழுதிவிடு, இல்லாவிட்டால் பிள்ளையை மட்டமான வகுப்பில் போடுவார்கள்" என்று உங்களுக்குச் சொல்லப் பலர் இருப்பார்கள். எழுதாதீர்கள். தமிழ் என்றே எழுதுங்கள். பத்துப் பள்ளி நாளுக்குள் ஒரு சிறு ஆங்கிலச் சோதனை வைப்பார்கள். நன்றாகச் செய்தால் விட்டுவிடுவார்கள். செய்யாவிட்டால் தனி ஆசிரியர் உதவியும், பரீட்சைகளில் கூடுதல் நேரமும் பிள்ளையின் உரிமையாகும். பொய் எழுதி அதை இழப்பதுதான் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். ஆசிரியரோடு கதைக்க மொழிபெயர்ப்பாளரையும் கேட்டு வாங்கலாம். பிள்ளையை வைத்துக் கதைக்க வேண்டியதில்லை.

தடுப்பூசியை லேசாக எடுக்காதீர்கள், பதிந்த பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்புவது இதனால்தான். பிள்ளைகளின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். மகனுக்குச் சின்னமுத்து முதலியவற்றுக்கான எம்.எம்.ஆர். ஊசியில் முதலாவதை 9 மாதத்தில் போட்டிருப்பார்கள். நியூயோர்க்கில் முதலாவது பிறந்தநாளுக்கு முன் போட்டது கணக்கில் வராது, ஆகவே இன்னொன்று வேண்டும். கொப்புளிப்பான் ஊசி நமது அரச அட்டவணையிலேயே இல்லை, இங்கே இரண்டு தேவை, இடையில் குறைந்தது 28 நாள். மகளுக்குத் தரம் 7இல் பள்ளியில் போட்ட ஏ.ரி.டி. என்ற ஏற்பு ஊசியில் குக்கல் மருந்து இல்லை, அதனால் குக்கலும் சேர்ந்த ரிடாப் ஊசி ஒன்றும், மூளையுறைக் காய்ச்சலுக்கான மெனிஞ்சோகொக்கஸ் ஊசி ஒன்றும் வேண்டும். எம்.எம்.ஆர்., கொப்புளிப்பான் இரண்டையும் ஒரே நாளில் போடலாம். ஒரே நாளில் போடாவிட்டால் 28 நாள் காத்திருக்க வேண்டும். விசா மருத்துவப் பரிசோதனையில் இவற்றில் சிலதைப் போட்டிருந்தால் அந்தப் படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு 30 நாள் வரை அவகாசம் உண்டு. ஒக்டோபருக்குமுன் செய்யவேண்டிய வேலைகளுக்கு நடுவே அந்த அவகாசத்தை நம்பியிருக்க வேண்டாம்.

மகனுக்கு அவசரம் குறைவு. 5ஆம் வகுப்புக்கு வலயப் பள்ளிக்கு நேரே போய்ப் பதியலாம். அந்த இலையுதிர்காலத்திலேயே 6ஆம் வகுப்புக்கான நடுநிலைப்பள்ளி விண்ணப்பமும் திறக்கும். அதையும் மை ஸ்கூல்ஸில் போடுங்கள், வலயப் பள்ளி இருக்கிறதே என்று விடாதீர்கள்.

கடைசியாக, அண்ணன் வீட்டில் தங்குவதால் உங்கள் பெயரில் லீஸோ காஸ் பில்லோ இருக்காது. பள்ளி விலாசத்துக்கு இரண்டு சான்று கேட்கும். வீட்டுக்காரர் என்ற முறையில் அண்ணன், நீங்கள் தன்னோடு இருப்பதாக நொத்தாரிசு முன் சத்தியக்கடதாசி முடித்து, தன் லீஸையும் சேர்த்துத் தர வேண்டும். அந்தக் கடதாசியை நீங்கள் வந்து இறங்கிய கிழமையிலேயே முடித்துவிடச் சொல்லி அவரிடம் இப்போதே கதைத்து வையுங்கள். பிறகு தனி வீடு எடுத்தால் புதிய விலாசத்தைப் பள்ளிக்கு அறிவியுங்கள், மகளின் உயர்நிலைப்பள்ளி வலயமும் அதோடு மாறக்கூடும்.