துளை ஃபீச்சர் கேள்வி-பதில்: மாடலுக்கு விட்டம்தான் தெரியும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை துளை ஃபீச்சர் பற்றியவை, அதாவது மெஷினுக்கு ப்ரோகிராம் எழுதும் கேம் (CAM) சாஃப்ட்வேர் 3டி மாடலில் துளை என்று அடையாளம் காணும் பகுதி பற்றியவை. எந்த சாஃப்ட்வேர், எந்தக் கன்ட்ரோலர் (மெஷினை இயக்கும் கணினி), என்ன மெட்டீரியல் என்ற மூன்றையும் எழுதாமல் அனுப்பியவர்களுக்குப் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

மாடலிலிருந்து ஹோல் ஃபீச்சர் உருவாக்கினால் சில துளைகள் தலைகீழாக வருகின்றன. டிரில் டேபிளுக்கு அடியிலிருந்து ஏறுவதுபோல் காட்டுகிறது. (ஓசூர்)

அவை எல்லாம் த்ரூ துளைகளாக இருக்கும். பிளைண்டுக்கு ஒரு பக்கம்தான் வாய், குழப்பம் இல்லை. த்ரூவுக்கு இரண்டு பக்கமும் வாய் என்பதால் எது மேல் என்று சாஃப்ட்வேர் ஊகிக்கிறது, சில நேரம் தப்பாக. கவிழ்ந்தவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து ரிவர்ஸ் கொடுங்கள். எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்துத் திருப்பினால் சரியாக இருந்தவையும் கவிழும். கவுன்டர்போர் (போல்ட் தலை அமர வாயில் அகலப்படுத்திய பகுதி) இருந்தால் பெரிய விட்டம் மேலே இருக்கிறதா பாருங்கள். டிராயிங்கிலேயே அது அடிப்பக்கம்தான் என்றால் திருப்ப வேண்டாம், இரண்டாவது செட்டப்புக்கு (பாகத்தைத் திருப்பி மாட்டும் சுற்றுக்கு) தள்ளுங்கள்.

25 மி.மீ. பிளேட்டில் 12 மி.மீ. த்ரூ துளை. டெப்த் 25 கொடுத்தேன். அடியில் துளை முழு விட்டத்துக்குத் திறக்கவில்லை. (கோவை)

25 மி.மீ. இறங்கியது டிரில்லின் மூக்கு, அதாவது கூம்பு முனை. முனைக் கோணம் 118 டிகிரி உள்ள டிரில்லுக்கு மூக்கின் நீளம் விட்டத்தில் 0.3 பங்கு, அதாவது 3.6 மி.மீ. 140 டிகிரி கார்பைடுக்கு 0.18 பங்கு, சுமார் 2.2. டிப் கம்பன்சேஷனை (மூக்கு நீளத்தைக் கூட்டிக்கொள்ளும் அமைப்பை) ஆன் செய்து, பிரேக்-த்ரூவுக்கு 1 மி.மீ. சேருங்கள். 118 டிகிரிக்கு ஏறக்குறைய 30 மி.மீ. இறங்கும். டூல் லைப்ரரியில் 118 என்று வைத்துவிட்டுக் கையில் 140 மாட்டினால் கணக்கு மறுபடி தவறும். அந்த 5 மி.மீ. மிச்சத்துக்குக் கீழே பேரலல் (பாகத்தைத் தாங்கும் கட்டை) இருக்கிறதா என்று சிமுலேஷன் சொல்லாது, நீங்கள் வைஸை (பாகத்தைப் பிடிக்கும் இடுக்கியை) மாடல் செய்திருந்தால் ஒழிய. பிளைண்ட் துளைக்கும் இதே எச்சரிக்கைதான்: டிராயிங்கில் உள்ள ஆழம் வழக்கமாக முழு விட்டம் முடியும் இடம் வரைக்கும், மூக்கு வரை அல்ல.

டிரில் கட்டளைகளில் ஜி73, ஜி83: எதைப் போடுவது?

ஆழம் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குள் என்றால் ஜி81 (ஒரே இறக்கம்) போதும். அதற்கு மேல் சில்லு உடைந்தால் போதுமென்றால் ஜி73, சில்லை வெளியே இழுத்தாக வேண்டுமென்றால் ஜி83. உள்வழி கூலன்ட் உள்ள கார்பைடு டிரில்லுக்கு பெக் (விட்டுவிட்டு இறக்குவது) கொடுத்து முனையைக் கெடுக்காதீர்கள்.

ஆட்டோமேட்டிக் ஃபீச்சர் ரெகக்னிஷன் கொடுத்தோம். 8.5 மி.மீ. துளைகள் 16-ம் வெறும் டிரில்லாக வந்தன, எம்10 டேப் (10 மி.மீ. மரை வெட்டும் டூல்) வரவில்லை. 10 எச்7 (துல்லிய அளவு) துளை நான்கிலும் ரீமர் (துளையை அந்த அளவுக்குச் சீராக்கும் டூல்) வரவில்லை. சிமுலேஷன் பச்சையாக முடிந்தது, ஜாப் ரிஜெக்ட். சாஃப்ட்வேர் கோளாறா? (அம்பத்தூர்)

இல்லை. டிராயிங்கைத் திறக்காத கோளாறு.

உங்களுக்கு வந்தது ஸ்டெப் ஃபைல், அதாவது சாஃப்ட்வேர்களுக்கு இடையே மாடலைப் பரிமாறும் பொது வடிவம். அதில் துளை என்பது ஓர் உருளை முகம், அதற்கு மேல் எதுவும் இல்லை. மரை இல்லை, டாலரன்ஸ் (அனுமதித்த அளவு வித்தியாசம்) இல்லை. 10 எச்7 என்பது 10.000-லிருந்து 10.015 வரை, மாடலில் அது 10.000. பக்கத்தில் பின் (pin) எதுவும் நுழையாத சாதா 10 மி.மீ. துளையும் 10.000. இரண்டையும் பிரித்துச் சொல்ல எந்த சாஃப்ட்வேராலும் முடியாது.

டேப் இன்னும் மோசம். எம்10-ஐ ஒரு டிசைனர் டிரில் விட்டமான 8.5-இல் வரைவார், இன்னொருவர் மரையின் உள்விட்டமான 8.376-இல், மூன்றாமவர் 10 என்றே வரைந்துவிடுவார். மூன்றாவதை நம்பி 10 மி.மீ. டிரில் இறக்கினால் அப்புறம் ஹெலிகாயில் (பெரிதான துளைக்குள் செருகும் கம்பிச்சுருள் மரை) தான், அதுவும் கஸ்டமர் ஒப்புக்கொண்டால். விட்டத்தைப் பார்த்து டேப்பை ஊகிக்கும் விதி எழுதி வைத்திருக்கிறோம் என்பவர்களுக்கும் சொல்கிறேன்: 6.8 என்றால் எம்8 என்பீர்கள். எம்8-இல் 1 பிட்ச் (மரை இடைவெளி 1 மி.மீ.) வந்தால் 7.0, ஃபார்ம் டேப் (வெட்டாமல் அழுத்தி மரை உருவாக்குவது) என்றால் 7.4. 10.2 எம்12, ஆனால் 1.5 பிட்ச் எம்12-க்கு 10.5. அந்த 10.5 சும்மா போல்ட் போகும் துளையாகவும் இருக்கலாம்.

2014-இல் வந்த ஏபி242 என்ற ஸ்டெப் வகை மரை, டாலரன்ஸ் குறிப்புகளை மாடலோடு சேர்த்துக் கொண்டுபோகக்கூடியது. அனுப்புபவர் அதை நிரப்பி ஏற்றுமதி செய்ய வேண்டும், உங்கள் கேம் அதைப் படிக்க வேண்டும். பழைய ஏபி203, ஏபி214-தான் இன்னும் நிறைய வருகிறது. ஏபி214 குறைந்தபட்சம் நிறத்தைக் கொண்டுவரும். டேப் துளைக்கு ஒரு நிறம், ரீமருக்கு ஒரு நிறம் என்று கஸ்டமரோடு பேசி வைத்தால் பாதித் தலைவலி தீரும்.

அதுவரை வழி இதுதான். ரெகக்னிஷன் முடிந்ததும் துளைப் பட்டியலை விட்டவாரியாக அடுக்குங்கள். டிராயிங்கைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு விட்டத்துக்கும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். டிராயிங்கில் எம்10 16 இடம், பட்டியலில் 8.5 18 இடம் என்றால் அந்த இரண்டு எது என்று தேடுங்கள். பிறகு ஃபீச்சரை எடிட் செய்து வகையை டேப்புக்கு மாற்றுங்கள். எச்7-க்கு 9.8 டிரில், 10 எச்7 ரீமர், ஜி85 கட்டளை. இந்த வரிசையை டெம்ப்ளேட்டாகச் சேமித்தால் அடுத்த ஜாப்பில் ஒரே கிளிக். ஆனால் அந்தக் கிளிக்குக்கு முன்னும் டிராயிங்.

சிமுலேஷன் பச்சை என்பது டூல் மோதவில்லை, மாடல் அளவுக்கு வெட்டியது என்பதற்குத்தான் அத்தாட்சி. மாடலில் இல்லாத மரையை அது எப்படித் தேடும்?

டேப் உடைகிறது. என்ன செய்வது?

கேள்வி இவ்வளவுதான். சைஸ் இல்லை, மெட்டீரியல் இல்லை, பிளைண்டா த்ரூவா என்பதும் இல்லை. எம்8, பிளைண்ட் என்று நானே வைத்துக்கொள்கிறேன். ஸ்பைரல் ஃப்ளூட் (சுருள் பள்ளம் உள்ள) டேப்பின் முனையில் 2 முதல் 3 பிட்ச் முழு மரை போடாது, அதாவது சுமார் 3–4 மி.மீ. அதற்கும் கூடுதலாக ஒன்றிரண்டு மி.மீ. டிரில் ஆழம் வேண்டும். மரை ஆழத்தை மட்டும் எடிட் செய்து கூட்டிவிட்டு, டிரில் ஆழம் பழையபடியே நிற்பதைக் கவனிக்காததுதான் பெரும்பாலும் காரணம். சில சாஃப்ட்வேரில் இரண்டும் தனித்தனிப் பெட்டி. அடுத்து ஃபீட் (நிமிடத்துக்கு எத்தனை மி.மீ. இறங்குகிறது): 500 ஆர்பிஎம், 1.25 பிட்ச் என்றால் 625. ஆபரேட்டர் மெஷினில் நின்றுகொண்டு ஸ்பீடை 400 ஆக்கி ஃபீடை விட்டுவைத்தால் டேப் உடையாமல் என்ன செய்யும்? ஃபனுக் கன்ட்ரோலர் என்றால் போஸ்ட் (கேம் வெளியீட்டை மெஷின் மொழியாக மாற்றும் பகுதி) எம்29 (டேப்பின் சுழற்சியையும் இறக்கத்தையும் இணைக்கும் கட்டளை) போடுகிறதா என்றும் பாருங்கள்.

ஹைட்ராலிக் மேனிஃபோல்டில் (எண்ணெய் வழிகள் துளைத்த கட்டையில்) ஒரே நீளத் துளை இரண்டு மூன்று ஃபீச்சராக உடைந்து வருகிறது. (பெங்களூரு)

குறுக்குத் துளை வெட்டுவதால் உருளை முகம் துண்டாகிறது. சாஃப்ட்வேர் ஒவ்வொரு துண்டையும் தனித் துளையாக எண்ணி, இரண்டாவதை உள்ளேயிருந்து தொடங்குகிறது. ஃபியூஷன் சாஃப்ட்வேரில் துண்டுகளைச் சேர்க்கும் டிக் இருக்கிறது, மற்றவற்றில் முதல் ஃபீச்சரின் அடிமட்டத்தைக் கடைசித் துண்டு வரை இறக்கிவிட்டு மீதியை அழியுங்கள். குறுக்குத் துளைக்குள் டிரில் நுழையும், வெளியேறும் இடங்களில் ஃபீடைப் பாதியாக்குங்கள்.

இன்னொரு தொல்லை: சில இறக்குமதிகளில் ஒரே உருளை இரண்டு அரை முகங்களாக வரும், ஒரே இடத்தில் இரட்டைத் துளை பதிவாகும். மேலே சொன்ன எண்ணிக்கைச் சரிபார்ப்பில் அதுவும் மாட்டும்.

டிசைனர் புது ரிவிஷன் அனுப்பினார். இறக்கியதும் எல்லா டிரில் ஆபரேஷனும் சிவப்பாகிவிட்டது.

முகங்களை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து தேர்ந்தெடுத்திருப்பீர்கள். புது ஸ்டெப்பில் முகங்களின் அடையாளம் மாறிவிடும், பழைய தேர்வு அநாதை. விட்ட வரம்பு கொடுத்துத் தேர்வு செய்யுங்கள், 8.45 முதல் 8.55 வரை என்பதுபோல். புது மாடலிலும் தானே பிடிக்கும். பிடித்ததை நம்பிவிடாமல் புது டிராயிங்கோடு எண்ணுங்கள்.

கிளாம்ப்பில் டிரில் மோதியது.

ஜி99-இல், அதாவது துளைகளுக்கு இடையே டிரில் குறைந்த உயரத்துக்கே ஏறும்படி ஓடியிருக்கிறது. கிளாம்ப்பைத் தாண்டும் இடங்களில் ஜி98 (ஆரம்ப உயரம் வரை ஏறுவது), அதோடு ஆரம்ப உயரம் கிளாம்ப்புக்கு மேலே இருக்க வேண்டும்.

90 டிகிரி ஸ்பாட் (டிரில்லுக்கு வழிகாட்டும் சிறு குழி) போட்ட பிறகு 140 டிகிரி கார்பைடு டிரில்லின் மூலைகள் உடைகின்றன.

உடையத்தான் செய்யும். நுனிக்கு முன்னால் மூலைகள்தான் உலோகத்தைத் தொடுகின்றன. ஃபீச்சரிலிருந்து ஸ்பாட்டை எடுத்துவிடுங்கள், அல்லது 140-ஐவிட அகலமான கோண ஸ்பாட் வாங்குங்கள். சாம்ஃபர் (விளிம்புச் சரிவு) வேண்டுமென்றால் டிரில்லுக்குப் பிறகு போடுங்கள்.