கரண்ட் போன இரவு – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

மின் கட்டமைப்பைப் பழுதிலிருந்து காக்கும் ரிலேக்களைப் பற்றி நீங்கள் எழுதிய தொடரைப் படித்த தைரியத்தில் எழுதுகிறேன். பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் இ.இ.இ. படித்தேன், 2007–11. 68 சதவீதம். எம்-3 (கணிதம்), இ.எம்.டி. (மின்காந்தவியல்) இரண்டிலும் அரியர் வைத்து, அப்புறம் எழுதி முடித்தேன். திருப்பூர் அருகே ஒரு நூற்பாலையில் எலக்ட்ரிக்கல் செக்‌ஷனில் இரண்டு வருடம் இருந்தேன். 2013ல் கல்யாணம், ஹூஸ்டன். அதோடு வேலை போயிற்று. இப்போது எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் மனைவிக்குத் தருவது) வேலைக்கான அனுமதி வந்திருக்கிறது.

இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பவர் சிஸ்டம்ஸில் கிராஜுவேட் சர்டிஃபிகேட் இருக்கிறது. நான்கு பாடம், 12 கிரெடிட். வீட்டுக்காரர் “செலவு பண்றதுன்னு ஆச்சு, எம்.எஸ்.ஸே சேர்ந்துடு” என்கிறார். தோழி, “சர்டிஃபிகேட்டா, என்.ஐ.ஐ.டி. மாதிரியா?” என்று கேட்கிறாள். இத்தனை வருட இடைவெளிக்குப் பிறகு என்னை எடுப்பார்களா? ஏன் படிக்க விரும்புகிறேன் என்று எழுதி வைத்திருக்கும் எஸ்.ஓ.பி.யை இணைத்திருக்கிறேன்.

2021 பிப்ரவரி பனியில் எங்கள் வீட்டில் மூன்று நாள் கரண்ட் இல்லை. பிள்ளைகளைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம் மின்சாரத்தின் ஃப்ரீக்வன்ஸி (அலைவெண்) எவ்வளவு விழுந்தது என்று செய்தியில் பார்த்ததும், ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பாதி மறந்துவிட்டிருந்தது. மறுபடி படிக்கும் ஆசை அங்கேதான் ஆரம்பித்தது. இது சம்பந்தமில்லாத விஷயம், மன்னிக்கவும்.

எஸ்.
ஹூஸ்டன்

அன்புள்ள எஸ்.,

தோழியின் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் சர்டிஃபிகேட் கோர்ஸ் என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் நடக்கும் ஆறு மாதப் படிப்பு. எங்கள் காலத்தில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர். அந்த ஞாபகத்தில் கேட்கிறார், தப்பில்லை. இது வேறு. எம்.எஸ். மாணவர்கள் உட்காரும் அதே வகுப்பில்தான் உட்காரப் போகிறீர்கள். அதே ஹோம்வொர்க், அதே பரீட்சை, அதே கிரேடு. அவர்கள் பெரும்பாலும் 30 கிரெடிட் வரை போவார்கள், நீங்கள் 12ல் நிறுத்துகிறீர்கள். அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் படிப்பை விட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆனவர் ஒரு பாடத்தில் ஆரம்பிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. தண்ணீரில் காலை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கலாம். எடுத்த கிரெடிட் வீணாகப் போவதும் குறைவு. ஸ்டான்ஃபோர்டில் கிரெடிட்டை யூனிட் என்பார்கள்; எம்.எஸ்.ஸுக்கு 45 யூனிட். பட்டத்தில் சேராமல் தனியாகப் படித்ததில் 18 யூனிட் வரை, பின்னால் எம்.எஸ்.ஸுக்கு இடம் கிடைத்தால், கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். இந்த எண் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் பல்கலைக்கழகத்தில் எத்தனை என்று சேர்வதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். டெக்ஸாஸ்வாசிகளுக்கான கட்டணம் உங்களுக்குப் பொருந்துமா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள்; அரசுப் பல்கலைக்கழகம் என்றால் வித்தியாசம் பெரிதாக இருக்கும்.

ஊரிலிருந்து இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. இவர் ஏற்கனவே அமெரிக்காவில் இருப்பவர், கையில் வேலை அனுமதி இருக்கிறது, எச்-4ல் படிக்கத் தடையும் இல்லை. அதனால்தான் இவருக்கு இது பொருந்துகிறது. எஃப்-1 மாணவர் விசாவில் வந்து வேலை பிடிக்க நினைப்பவர்களுக்கு இந்த வழி சரிப்படாது. எச்-1பியில் அமெரிக்க முதுகலைக்காரர்களுக்கென்று ஒதுக்கிய 20,000 இடங்களுக்குச் சர்டிஃபிகேட் செல்லாது. படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியை 24 மாதம் நீட்டிக்கவும் பட்டம்தான் வேண்டும்.

சரி, காகிதங்களுக்கு வருவோம். பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இது.

நான் விண்ணப்பித்தபோது எனக்கு 38 வயது. நான் படித்த கல்லூரியிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (எல்லா செமஸ்டர் மார்க்குகளின் சான்று) வாங்கி அனுப்பும் வேலையைத் தங்கை வீட்டுக்காரரிடம் விட்டிருந்தேன். பாவம், நாலு முறை நடந்தார். கடைசியில் அரக்கு வைத்து, மடிப்பின் குறுக்கே கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கவரைக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் மனிதருக்குச் சந்தேகம், எட்டு செமஸ்டர் ஷீட்டும் உள்ளே இருக்கிறதா என்று. பிரித்து எண்ணிப் பார்த்திருக்கிறார். “எல்லாம் கரெக்டா இருக்குது மாப்ள, ஃபெவிகால் போட்டு நல்லா ஒட்டி கூரியர்ல போட்டுட்டேன்” என்று ஃபோனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிரித்து ஒட்டிய கவர் செல்லாது என்று இங்கே திருப்பிவிட்டார்கள். ஒரு செமஸ்டர் போயிற்று. இப்போது பல இடங்களில் ஸ்கேன் செய்து ஏற்றினாலே முதலில் பார்த்துவிடுகிறார்கள், அசல் அப்புறம்தான். இருந்தாலும் யார் போய் வாங்குகிறார்களோ அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் பேட்ச்சுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தை 2007ல் ஊர் ஊராகப் பிரித்தார்கள், 2012ல் திரும்ப ஒன்றாக்கினார்கள். உங்கள் மார்க் ஷீட்டில் இருக்கும் கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகம் இன்று அந்தப் பெயரில் தனியாக இல்லை. விண்ணப்பத்தில் கீழே விரியும் பட்டியலில் அதைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். பிரிந்ததையும் சேர்ந்ததையும் இரண்டு வரியில் எழுதி இணைத்துவிடுங்கள்.

அடுத்தது பெயர். மார்க் ஷீட்டில் இனிஷியலோடு இருப்பீர்கள், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ வீட்டுக்காரர் பெயரோ ‘சர்நேம்’ ஆகியிருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டில் இருப்பதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள், முந்தைய பெயர் கேட்கும் கட்டத்தில் மார்க் ஷீட் பெயரைப் போடுங்கள்.

68 சதவீதத்துக்குக் கூச்சப்பட வேண்டாம். அமெரிக்க வகுப்பில் 68 என்றால் டி கிரேடு, உண்மைதான். ஆனால் நம் முதல் வகுப்பை யாரும் அப்படிப் படிப்பதில்லை. இதை மாற்றிக் கொடுக்கவே டபிள்யூ.இ.எஸ். போன்ற அமைப்புகள் இருக்கின்றன. அரியரை மறைக்கவும் வேண்டாம், விளக்கி ஒரு பத்தி எழுதவும் வேண்டாம். மார்க் ஷீட்டிலேயே தெரியும்.

இனி உங்கள் எஸ்.ஓ.பி. நேராகச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: ஒரு வரிகூடத் தேறாது. ‘சிறு வயதிலிருந்தே மின்சாரத்தின் மீது எனக்குத் தீராத ஆர்வம்’ என்று ஆரம்பிக்கிறீர்கள். கவுன்சலிங்கில் இ.இ.இ. எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஆர்வம் கட் ஆஃப் வந்த அன்றுதான் பிறந்தது, எனக்கும் சேர்த்து. அடுத்த பத்தியில் அந்தப் பல்கலைக்கழகம் உலகப் புகழ்பெற்றது என்று அவர்களிடமே சொல்கிறீர்கள். நூற்பாலைக்கு அரை வரி. பனி இரவு அதில் இல்லவே இல்லை. அதைக் கடிதத்தின் கடைசியில் வைத்து, மன்னிப்பும் கேட்டிருக்கிறீர்கள்!

2021 பிப்ரவரி 15, பின்னிரவு இரண்டு மணியை ஒட்டி என்ன நடந்தது? குளிருக்கு ஊரே ஹீட்டரைப் போட்டிருக்கிறது, மறுபக்கம் எரிவாயுக் கிணறுகள் உறைந்தும் கருவிகள் உறைந்தும் மின் நிலையங்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன. சுமை அதிகம், உற்பத்தி குறைவு. சுழலும் ஜெனரேட்டர்கள் எல்லாம் சேர்ந்து வேகம் குறைகின்றன. 60 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டியது 59.3 வரை இறங்கியது. 59.4க்குக் கீழே 4 நிமிடம் 23 விநாடி கிடந்தது. அது 9 நிமிடம் ஆகியிருந்தால் இன்னும் பல ஜெனரேட்டர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமே கழன்றிருக்கும். டெக்ஸாஸ் கட்டமைப்பு முழுதாக விழ 4 நிமிடம் 37 விநாடிதான் பாக்கி என்று பின்னால் சொன்னது இந்தக் கணக்கில்தான். கிழக்கு, மேற்கு அமெரிக்கக் கட்டமைப்புகளோடு சேராமல் தனியாக ஓடுவது என்பதால் தேவையான அளவு கைகொடுக்கவும் ஆளில்லை. உங்கள் வீட்டில் கரண்ட் போனது, மிச்சத்தைக் காப்பாற்ற யாரோ சுமையைக் கழற்றியதால்.

இதைப் படித்துவிட்டுப் பழைய புத்தகத்தைத் தேடியவர் நீங்கள். அங்கே ஆரம்பியுங்கள். எது மறந்திருந்தது, எந்தப் பக்கத்தில் நின்றீர்கள், எது பிடிபடவில்லை என்று எழுதுங்கள். பிடிபடாததைச் சொல்லிக் கொடுக்கும் பாடம் அவர்கள் பட்டியலில் இருந்தால் அதன் பெயரை எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்.

நூற்பாலையையும் விடாதீர்கள். நீங்கள் இருந்த 2011–13 தமிழ்நாட்டின் மோசமான மின்வெட்டுக் காலம். திருப்பூர்ப் பக்கம் மில்கள் டீசல் ஜெனரேட்டரில்தான் ஓடின. இரண்டு செட்டை இணையாக ஓட்டியிருப்பீர்கள், இரண்டும் ஒத்துப்போவதைக் காட்டும் சின்க்ரோஸ்கோப்பின் முள் மெதுவாக மேலே வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரேக்கரைப் போட்டிருப்பீர்கள். ஒரு செட் நின்றால் மற்றது முனகுவதைக் காதால் கேட்டிருப்பீர்கள். டெக்ஸாஸில் அன்று நடந்ததன் சின்ன வடிவம் அது. உங்களோடு வகுப்பில் உட்காரப் போகும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள்? பரிந்துரைக் கடிதம் கேட்டால் பேராசிரியரைத் தேடி அலைய வேண்டாம், அந்த மில்லின் எலக்ட்ரிக்கல் மேனேஜரைக் கேளுங்கள்.

இடம் கிடைத்தால், ரிலேக்களைப் பற்றிய பாடமான பவர் சிஸ்டம் புரொடெக்‌ஷனை முதல் செமஸ்டரிலேயே எடுக்காதீர்கள். எம்-3ல் உங்களைக் கவிழ்த்த அதே ஃபூரியர் கணக்குதான் இன்றைய டிஜிட்டல் ரிலேக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டத்தை அளந்துகொண்டிருக்கிறது. வகுப்பு தொடங்குமுன் இரண்டு மாதம் அதற்கும் மேட்ரிக்ஸுக்கும் ஒதுக்குங்கள். பிள்ளைகள் தூங்கியபிறகு தினம் ஒரு மணி நேரம் கிடைத்தாலே ஆகும்.

எஸ்.ஓ.பி.யை மாற்றி எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன். முதல் வரியில் அந்த இரவு இருக்க வேண்டும்.