புழுக்கையில் அரிசி நின்றுவிட்டது, குட்டி ஏன் செத்தது?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மூன்று மாத வயதில் பன்னிரண்டு வெள்ளாட்டுக் குட்டிகளும் ஆறு செம்மறிக் குட்டிகளும் வைத்திருக்கிறேன். பாதி பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கியவை. தென்னந்தோப்பிலும் வாய்க்கால் கரையிலும் கட்டி மேய்க்கிறேன். புழுக்கையோடு வெள்ளை அரிசி போல விழுந்ததால் கடையில் 2.5 சதவீத ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்தை வாங்கி எல்லாவற்றுக்கும் 2 மில்லி ஊற்றினேன். அரிசி நின்றுவிட்டது. ஆனால் மூன்று வாரத்தில் இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகள் தாடை வீங்கிச் செத்தன. கழிச்சல்கூட இல்லை. இதைவிட வீரியமான மருந்து எது?"

அந்த அரிசி நாடாப்புழுவின் துண்டு. கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அதற்குத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் பெரிய கெடுதல் செய்வதில்லை. துண்டு விழுவது சில வேளை தானாகவே நின்றும் போகும். உங்கள் குட்டிகளைக் கொன்றது, நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், ஹீமாங்கஸ் என்ற உருண்டைப்புழுவாகத்தான் இருக்க வேண்டும். இது புழுக்கையில் விழாது. ஆட்டின் நான்காவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். இன்னொரு குட்டி இறக்க நேர்ந்தால் கால்நடை மருத்துவரிடம் சொல்லி அந்த இரைப்பையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளத்தில், தையல் நூல் பருமனில், சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிறு போல நெளியும்.

ஒரு புழு நாளைக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் எடுக்கும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. பத்துக் கிலோ குட்டியின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 700 மில்லிதான். அதனால்தான் கழிச்சலே இல்லாமல், நேற்றுவரை மேய்ந்த குட்டி இன்று காலை எழுந்திருக்காமல் கிடக்கிறது. ரத்தத்தில் புரதம் குறைவதால் தாடைக்கு அடியில் நீர் கோக்கிறது. நாள் முழுக்கத் தலை கவிழ்ந்து மேய்ந்த குட்டிக்கு மாலையில் வீக்கம் தெரியும், காலையில் வற்றியிருக்கும். காலையில் மட்டும் பட்டியைப் பார்ப்பவர் கண்ணுக்கு இது தப்பிவிடும்.

இப்போது உங்கள் 2 மில்லிக்கு வருகிறேன். அந்த மருந்தில் மில்லிக்கு 25 மில்லிகிராம். ஆக நீங்கள் ஊற்றியது 50 மில்லிகிராம். பத்துக் கிலோ செம்மறிக் குட்டிக்கு, கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்கில், அது சரியான அளவு. வெள்ளாட்டின் உடம்பு இந்த மருந்தைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடும். அதற்குப் பொதுவாகச் செம்மறியின் இரு மடங்கு, அதாவது 4 மில்லி கொடுப்பது வழக்கம். செம்மறிகள் பிழைத்து வெள்ளாடுகள் செத்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அரை அளவு மருந்து புழுவைக் கொல்லாது, மருந்துக்குப் பழக்கப்படுத்தும். ஆனால் இந்த இரு மடங்குக் கணக்கை லெவாமிசோல் என்ற வேறொரு புழு மருந்துக்குப் போட்டுவிடாதீர்கள்; அதில் அளவு மிஞ்சினால் குட்டி நடுங்கி எச்சில் வழிய விழுந்துவிடும். கண்மதிப்பில் ஊற்றாமல் தொங்கு தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

வீரியமான மருந்து வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டால் வேறு பெயரில் அல்பெண்டசோலைத் தருவார். ஃபென்பெண்டசோலும் அல்பெண்டசோலும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு அடங்காத புழு மற்றதற்கும் பெரும்பாலும் அடங்காது. அட்டைப்பெட்டியின் பெரிய எழுத்தை விட்டுவிட்டு உள்ளிருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். மருந்து வேலை செய்ததா என்று அறிய ஒரே வழி சாணப் பரிசோதனை. மருந்து கொடுக்கும் நாளில் ஒரு முறை, 14 நாள் கழித்து ஒரு முறை, உங்கள் ஊர் மிருகாசுபத்திரிக்குப் புதுப் புழுக்கையைக் கொண்டுபோய்க் கொடுங்கள். முட்டை எண்ணிக்கை 95 சதவீதமாவது குறையாவிட்டால் மருந்தின் குடும்பத்தையே மாற்ற வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு குட்டியின் கீழ் இமையையும் கட்டைவிரலால் இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளிறிய இளஞ்சிவப்பு என்றாலே குட்டிக்கு மருந்து கொடுங்கள். காகிதம் போல வெளுத்திருந்தால் மருத்துவர் உடனே வர வேண்டும். இதற்காகத் தென்னாப்பிரிக்காவில் ஐந்து நிற அட்டை ஒன்றை உருவாக்கினார்கள். பழகிய கைக்கு அட்டை தேவைப்படாது. வெளுத்த குட்டியைத் துரத்திப் பிடிக்காதீர்கள், அந்த ஓட்டத்திலேயே இறந்துவிடும். நிழலில் நிறுத்தித் தழையும் கடலைப் புண்ணாக்கும் கொடுத்துத் தேற்றுங்கள். மருந்து ஊற்றும்போது தலையை அண்ணாந்து பிடிக்க வேண்டாம். வாயோரமாக மெல்ல விட்டால் போதும், இல்லையேல் நுரையீரலுக்குள் போய்விடும். இமை சிவந்திருக்கும் குட்டிகளுக்கு வெறுமனே ஊற்ற வேண்டாம். மருந்துக்குப் பழகாத புழுக்களும் மேய்ச்சலில் கொஞ்சம் மிஞ்சுவது நமக்கு நல்லது; மருந்துக்கு அடங்காத புழு மட்டுமே பெருகாது.

உங்கள் ஊருக்கே உரிய சிக்கல் தண்ணீர். தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிறது, ஐப்பசியில் வடகிழக்கும் நனைக்கிறது, இடையில் ஆழியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிறது. ஒரு பெண் புழு நாளைக்கு ஐயாயிரத்துக்கும் மேல் முட்டையிடும். ஈரமும் சூடும் இருந்தால் ஒரு வாரத்தில் அவை தொற்றும் இளம்புழுவாகிப் புல்லில் ஏறிவிடும். வறண்ட தரையில் வெயில் அவற்றைக் கொல்லும். வாய்க்கால் கரையில் கோடையிலும் சாவதில்லை. போதாக்குறைக்கு அங்குள்ள நத்தையால் கல்லீரல் தட்டைப்புழுவும் வரும். அதற்கும் தாடை வீங்கும், அதற்கு மருந்து வேறு. வெள்ளாடு இயல்பில் அண்ணாந்து தழை கடிக்கும் பிராணி. கயிற்றில் கட்டி ஈரப்புல்லை அடியோடு கரம்ப வைத்தது நாம்தான். பனி காய்ந்த பிறகு அவிழ்த்துவிடுங்கள். குட்டிகளுக்காவது அகத்தி, வேம்பு, சவுண்டல் தழையை உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். வேப்பிலை நல்ல தீவனம். ஆனால் இமை வெளுத்த குட்டிக்கு அதை மருந்தாக நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

சந்தையில் வாங்கும் குட்டியை உடனே மந்தையோடு விடாமல், சாணம் பார்த்து மருந்து கொடுத்து, இரண்டு வாரம் தனிக் கொட்டிலில் வையுங்கள். அந்த நாட்களில் ரத்தத்தோடு கழிச்சல் கண்டால் அது ரத்தக்கழிச்சல் நோயாக இருக்கலாம். அதைக் கிளப்புவது வேறொரு நுண்ணுயிரி. குடற்புழு மருந்து எத்தனை மில்லி ஊற்றினாலும் கேட்காது.