பாதியில் நின்ற டிகிரியை முப்பத்தைந்து வயதுக்கு மேல் முடிப்பதால் ஏதாவது பயன் உண்டா?

எத்தனை பேப்பர் பாக்கி என்று நீங்கள் சொல்லவில்லை. வேலையில் இருக்கிறீர்கள், "இனிமே எதுக்கு?" என்று வீட்டில் யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். என்னிடமும் கேட்டார்கள்.

2006-ல் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் சேர்ந்தேன். எம்3 என்ற மூன்றாவது கணக்குப் பேப்பர், ஹீட் டிரான்ஸ்ஃபர் இரண்டும் அரியராகவே நின்றன. டிகிரி முடிக்கத் தந்த 7 வருடக் கெடுவும் போய்விட்டது. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவே என் பொறுப்பு; ஆனால் கல்வித் தகுதி கட்டத்தில் '+2'. நான் வேலை சொல்லிக்கொடுத்த பையன் இன்ஜினியர், நான் சூப்பர்வைசர்.

2021-ல் பழைய அரியர்காரர்களுக்குப் பல்கலைக்கழகம் சிறப்பு வாய்ப்பு அறிவித்தது. வழக்கமான கட்டணத்தோடு கூடுதலாக 5,000 ரூபாய். கட்டிவிட்டு எம்3 புத்தகத்தைத் திறந்தால் ஃபூரியர் சீரிஸ். திரும்பத் திரும்ப வரும் எந்த அலையையும் பல சைன் அலைகளாகப் பிரிக்கலாம் என்கிறது. அட, இதைத்தானே தினமும் வைப்ரேஷன் மீட்டரில் பார்க்கிறேன்! மோட்டார் சுற்றும் வேகத்திலேயே வரைபடத்தில் முள் மாதிரி உச்சம் எழும்பினால் பெரும்பாலும் இம்பெல்லர் (பம்புக்குள் சுற்றும் சக்கரம்) பேலன்ஸ் கோளாறு. அந்த வேகத்தின் இரண்டு மடங்கில் எழும்பினால் முதலில் அலைன்மென்டை, அதாவது மோட்டார் தண்டும் பம்ப் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்ப்போம். கல்லூரியில் ஸ்டெப் ஸ்டெப்பாக மனப்பாடம் செய்தது, வேலை பார்த்த பிறகுதான் விளங்கியது. என்னைக் கேட்டால் இதுதான் முதல் பயன். இருபது வயதுப் பையனுக்கு இது கிடைக்காது.

டிகிரி வந்த பிறகு சம்பளம்? ஏறியது, பெரிதாக இல்லை. பதவிப் பெயர் மாறியது. டிகிரி இல்லாமலே ஜெயித்தவர்கள் பட்டியலோடு யாரும் கமெண்டுக்கு வர வேண்டாம். எங்கள் முதலாளியே எட்டாவதுதான். அவர் எந்த ஃபாரத்தையும் நிரப்ப வேண்டியதில்லை, நமக்கு அப்படியா?

பி.ஏ., பி.காம். என்றால் இக்னோ மாதிரி இடங்களில் தொலைதூரக் கல்வியில் முடிக்கலாம். யுஜிசி அனுமதி இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள். பத்தாவது, +2 முடிக்காமல் நேராக வாங்கிய பட்டம் தமிழக அரசு வேலைக்கு ஆகாது. பி.இ.க்குத் தொலைதூர வழியே இல்லை.

அப்புறம், கல்யாணப் பத்திரிகை. எங்கள் பக்கம் பெயருக்குப் பின்னால் பட்டம் போடாமல் அச்சடிக்க மாட்டார்கள். பெரியப்பா வீட்டுப் பத்திரிகையில் எல்லாருக்கும் பி.இ., எம்.பி.ஏ.; எனக்கு மட்டும் வெறும் பெயர், அதுவும் 'மற்றும் உறவினர்கள்' என்பதற்கு மேல் வரியில். பந்தக்கால் நட்டதிலிருந்து பாத்திரம் எண்ணித் திருப்பிக் கொடுத்தது வரை நான். மொய் நோட்டு எழுதியதும் நான்தான். டிகிரி வாங்கிய பிறகு அடுத்த கல்யாணத்துக்கு பி.இ. என்று போட்டார்கள், சரி. இனிஷியலைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள்!