உண்ணுநீர் விக்கினான்

அன்புள்ள அக்கா,
கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். பேருந்தில் போக வர இரண்டு மணி நேரம். போனில் காதல் நாவல்கள்தான் படிப்பேன். ‘இந்தக் குப்பையை எப்ப விடப்போற’ என்று வீட்டில் கேட்கிறார்கள். இப்போது நானே ஒன்று எழுதுகிறேன், பன்னிரண்டு அத்தியாயம் முடிந்துவிட்டது. முதல் அத்தியாயத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன், அதிலேயே நாயகன் நாயகியை மிரட்டித் தாலி கட்டுகிறான். அப்படி இருந்தால்தான் படிப்பார்கள் என்கிறார்கள் தோழிகள். சொந்தப் பெயரில் வெளியிடலாமா? காதல் கதை இலக்கியமாகுமா?
– க., திருவாரூர்

அன்புள்ள க.,

பெயர் உங்கள் விருப்பம். மருத்துவர் திரிபுரசுந்தரி ‘லட்சுமி’ என்ற பெயரில்தான் எழுதினார். 1984-இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியதும் அந்தப் பெயர்தான். இலக்கியமா என்ற கேள்வியை விடுங்கள். குறுந்தொகையின் 401 பாட்டும் காதல் பாட்டுதான் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பேருந்தில் நிம்மதியாகப் படியுங்கள்.

அந்தத் தாலிக்கு வருகிறேன். போன வாரம் அம்மாவின் பெட்டியைத் திறந்தேன். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து அடுக்கி, கோணி ஊசியால் தைத்து வைப்பது அம்மாவின் வழக்கம். அதில் ஒரு கட்டின் நடுவே என் பழைய கணக்கு நோட்டின் தாள் இரண்டு இருந்தன, நீல மையில் அம்மாவின் கையெழுத்தோடு. அந்த வாரத்து இதழைப் பக்கத்து வீட்டில் வாங்கிப் போனவர்கள் திருப்பித் தரவில்லை போலிருக்கிறது. விட்டுப்போன அத்தியாயத்தை அம்மா தானே எழுதித் தைத்திருக்கிறாள்.

முந்தைய வாரத்தில் நாயகன் நாயகியை அறைகிறான். அடுத்த வாரத்தில் இருவரும் கொடைக்கானலில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் என்ன நடந்திருக்கும்? அம்மாவின் தாளில் நாயகி டவுன் பஸ் ஏறித் தாய் வீட்டுக்குப் போகிறாள். தயிர்சாதம் சாப்பிட்டுத் தூங்குகிறாள். அவன் வந்து வாசலில் நிற்கிறான். மூன்று நாள் நிற்கிறான். ‘மூன்று நாள்’ என்பதன் கீழே அம்மா கோடு போட்டிருந்தாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் உங்கள் கடிதம் வந்தது.

தோழிகள் சொல்வதை நம்பாதீர்கள். முரட்டு ஆள் ஒருத்தியிடம் மட்டும் உருகுவதைப் படிக்க எனக்கும் பிடிக்கும். நமக்கு வேண்டியது அந்த உருகல். அதைச் சொல்லத் தெரியாதவர்கள்தான் அடியையும் மிரட்டலையும் வைத்து இடத்தை நிரப்புகிறார்கள். ‘மிக்க காமத்து மிடல்’, அதாவது காமம் மிஞ்சி வலிந்து நெருங்குவதை, தொல்காப்பியர் பெருந்திணையில், அதாவது பொருந்தாக் காதலில், தள்ளிவிட்டார். இருவரும் மனமொத்த காதலான அன்பின் ஐந்திணையில் அதற்கு இடமில்லை.

கலித்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று, 51-ஆவது. சின்ன வயதில் ஒரு பெண் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்த பையன், வளர்ந்தபின் ஒருநாள் தண்ணீர் கேட்டு வருகிறான். அவள் அம்மா கொடுக்கச் சொல்கிறாள். இவள் நீட்டியதும் வளைக்கையைப் பிடித்துவிடுகிறான். ‘அன்னாய், இவனொருவன் செய்தது காண்’ என்று இவள் கத்த, அம்மா அலறிக்கொண்டு ஓடி வருகிறாள். ‘உண்ணுநீர் விக்கினான்’, குடித்த தண்ணீர் விக்கிக்கொண்டது என்கிறாள் இவள். அம்மா அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். அவன் கடைக்கண்ணால் கொல்வதுபோல் பார்த்துச் சிரிக்கிறான்.

இவனும் கையைப் பிடித்தவன்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், தப்புதான். ஆனால் அவள் கத்தினாள், கத்தியதும் ஆள் வந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. முழுக்க அவள் கையில் இருந்த அந்தக் கணத்தில், யாரும் கேட்காமல், தானாக ஒரு பொய் சொன்னாள் பாருங்கள், அதுதான் காதல். அவன் பிடித்தது வெறும் கை.

உங்கள் நாயகி கத்தினால் யார் வருவார், க.? முதல் அத்தியாயத்தில் அவளுக்கு அம்மா இல்லை, தோழி இல்லை, வேலை இல்லை, கையில் பஸ் காசுகூட இல்லை. ஓடவே முடியாதவள் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ‘உன்னைத்தான் விரும்புகிறேன்’ என்றால் நான் எப்படி நம்புவேன்?

பன்னிரண்டையும் கிழிக்கச் சொல்லவில்லை. மாலை பேருந்தில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் முதல் அத்தியாயத்தை மட்டும் திரும்ப எழுதுங்கள். அவள் வீட்டுக் கதவைத் திறந்து வையுங்கள், கையில் ஒரு பர்ஸைக் கொடுங்கள். அவன் வாசலில் நிற்கட்டும். எத்தனை நாள் என்பதை அவளிடம் கேட்டு எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா