கேள்வி-பதில்: டே கேர் நடத்துபவருக்கு சி.டி.ஏ. சான்றிதழ் தேவையா?

கேள்வி: டெக்ஸாஸில், டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். மாநிலத்தில் முறையாகப் பதிவு செய்து வீட்டிலேயே டே கேர் நடத்துகிறேன். ஐந்து குழந்தைகள், எல்லாம் நம்மவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஒரு ஆன்லைன் நிறுவனம் சி.டி.ஏ. படிப்புக்கு 1,500 டாலர் கேட்டு போன் மேல் போன் போடுகிறது. 'படித்து முடித்தால் சான்றிதழ் கையில், கட்டணத்தை ஏற்றிவிடலாம்' என்கிறார்கள். சேரலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். முதலில், அவர்கள் விற்பது என்ன என்று பார்த்துவிடுவோம்.

சி.டி.ஏ. என்பது சைல்ட் டெவலப்மென்ட் அசோசியேட், சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான தகுதிச் சான்றிதழ். 1975 முதல் அமெரிக்காவில் வழங்கப்படுகிறது. இதைத் தருவது வாஷிங்டனில் உள்ள 'கவுன்சில் ஃபார் புரொபஷனல் ரெகக்னிஷன்' என்ற அமைப்பு. உங்களுக்கு போன் போடும் நிறுவனம் அல்ல. அந்த நிறுவனத்தால் தர முடிவது 120 மணி நேரப் பாடத்தையும், அதை முடித்ததற்கான ஒரு தாளையும்தான். பலரும் ஏமாறுவது இங்கேதான். அந்தத் தாளை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு, தன்னிடம் சி.டி.ஏ. இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

பாடத்துக்கு அப்புறம்தான் வேலையே இருக்கிறது. கடந்த மூன்று ஆண்டுகளில் 480 மணி நேரம் குழந்தைகளோடு வேலை பார்த்திருக்க வேண்டும். உங்களுக்கு அது ஏற்கெனவே முடிந்திருக்கும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் என்றால் மூன்று மாதம்கூட ஆகாது. பெற்றோர்கள் உங்களைப் பற்றி ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். பியர்சன் வியூ என்ற தேர்வு நிறுவனத்தின் மையத்தில் 65 கேள்விகள் கொண்ட தேர்வு. ஒரு நிபுணர் உங்கள் வீட்டுக்கே வந்து நீங்கள் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, உங்களோடு உட்கார்ந்து பேசுவார். இதற்கெல்லாம் கவுன்சிலுக்குத் தனிக் கட்டணம், நானூறு டாலருக்கு மேல் ஆகும். அந்த 1,500-இல் இது அடங்குமா என்று கேட்டுப் பாருங்கள். மழுப்பினால் போனை வைத்துவிடலாம்.

இதோடு ஒரு தொகுப்பும் தயாரிக்க வேண்டும். இந்தப் படிப்பில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். ஒரு வாரத்துக்கான சாப்பாட்டுப் பட்டியல், குழந்தைகளுக்கான புத்தகங்களின் பட்டியல், நீங்கள் செய்யவைக்கும் விளையாட்டுகள் என்று ஒவ்வொன்றாக எழுதிக் கோக்க வேண்டும். பட்டியலில் இட்லியும் பருப்பு சாதமும் தயிர் சாதமும் தாராளமாக இருக்கலாம். ஆனால் அது அந்த வயதுக் குழந்தையின் உடம்புக்கு எப்படிப் போதுமானது என்று நீங்களே விளக்கி எழுத வேண்டும். தினமும் யோசிக்காமல் செய்கிற ஒன்றை ஏன் செய்கிறோம் என்று எழுத உட்காரும்போது, காய்கறி கம்மியாக இருப்பது நமக்கே தெரிந்துவிடும்.

சரி, பணத்துக்கு வருவோம். உங்களிடம் வரும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் விசாரித்துவிட்டு வருகிறவர்கள். வீட்டுச் சாப்பாடு உண்டா, பிள்ளையிடம் தமிழில் பேசுவீர்களா, ஜூலையில் ஒரு மாதம் ஊருக்குப் போய்விடுவீர்களா என்பதுதான் அவர்கள் கேள்வி. சி.டி.ஏ. இருக்கிறதா என்று கேட்பவர் அபூர்வம். அதைக் காட்டி ஐம்பது டாலர் ஏற்றினால், பக்கத்துத் தெருவில் ஏற்றாமல் இருப்பவரிடம் போய்விடுவார்கள்.

இன்னொன்று. டெக்ஸாஸில் பதிவு செய்த வீட்டில் பகலில் ஆறு குழந்தைகள்தான் உச்சவரம்பு. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் ஆறு பேர் வரை பள்ளி முடிந்து வரலாம். எல்லோரும் சேர்ந்து எந்த நேரத்திலும் பன்னிரண்டைத் தாண்டக் கூடாது, அந்த மொத்தத்தில் உங்கள் சொந்தப் பிள்ளையும் சேரும். ஆக, இன்றைய நிலையில் உங்களுக்குப் பகலில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு இடம். சி.டி.ஏ. வாங்கினாலும் இந்த எண்ணிக்கை மாறாது. வருமானம் கூட வேண்டும் என்றால் பகலிலேயே பன்னிரண்டு குழந்தைகள் வரை வைத்துக்கொள்ளக்கூடிய 'லைசென்ஸ்டு சைல்ட் கேர் ஹோம்' ஆவதைப் பற்றித்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும். அதற்கு இடமும், உதவிக்கு ஆளும் தேவைப்படும்.

அப்படியென்றால் இந்தச் சான்றிதழ் யாருக்குத்தான் லாபம்? வீட்டை விட்டு ஒரு மையத்தில் வேலைக்குப் போக நினைப்பவருக்கு. முக்கியமாக, குறைந்த வருமானக் குடும்பக் குழந்தைகளுக்காக மத்திய அரசு நடத்தும் ஹெட் ஸ்டார்ட் திட்டத்தில் வேலை தேடுபவருக்கு. அங்கே உதவி ஆசிரியர் வேலைக்கே இது இருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட காலத்துக்குள் முடித்துவிட வேண்டும். அரசு மானியத்தில் வரும் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளும் டே கேருக்கும் பயன் உண்டு. 'டெக்ஸாஸ் ரைசிங் ஸ்டார்' மதிப்பீட்டில் நடத்துபவரின் தகுதிக்கும் புள்ளி உண்டு, நட்சத்திரம் கூடக் கூட அரசு தரும் தொகையும் கூடும். உங்களிடம் மானியக் குழந்தை ஒன்றுகூட இல்லை என்றால் அந்த நட்சத்திரத்தால் உங்களுக்கு என்ன பயன்?

மையத்தில் வேலைக்குப் போகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் துறையில் சம்பளமே குறைவு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே மாதக் கணக்குப்படி, குழந்தைப் பராமரிப்பு ஊழியரின் இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் கீழ்) மணிக்கு 15.41 டாலர். சான்றிதழுக்காக மணிக்கு ஒரு டாலர் கூட்டினால் முழுநேர வேலையில் வருடத்துக்கு 2,080 டாலர் வரும், போட்ட காசை எடுத்துவிடலாம். கூட்டுவார்களா, எவ்வளவு என்று மேனேஜரிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'பார்க்கலாம்' என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் படிக்க ஆசை இருந்தால் படியுங்கள், நல்ல படிப்புதான். ஆனால் கைக்காசைப் போடுவதற்கு முன் இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்களின் படிப்புக்கான 'டீச்' (T.E.A.C.H.) உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். பல மாநிலங்களில் இருக்கிறது, டெக்ஸாஸிலும் உண்டு. பணம் கொடுத்தால் குறிப்பிட்ட காலம் இதே வேலையில் நீடிக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடுவார்கள், அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அது கிடைக்காவிட்டாலும், 120 மணி நேரப் பாடம் சில நூறு டாலருக்கே பல இடங்களில் கிடைக்கிறது. வருடாவருடம் நீங்கள் முடிக்க வேண்டிய 30 மணி நேரப் பயிற்சியை இதிலேயே கழித்துக்கொள்ளலாமா என்று உங்கள் லைசென்ஸிங் இன்ஸ்பெக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகளுக்கு இரண்டு வயது. ஒரு டே கேரில் சி.டி.ஏ. இருக்கிறது என்பதைக் காரணம் காட்டி, மற்ற இடங்களைவிட மாதம் 200 டாலர் அதிகம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: சான்றிதழை வாங்கித் தேதியைப் பாருங்கள். சி.டி.ஏ. மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். எந்த வயதுக்கு வாங்கியது என்றும் பாருங்கள். கைக்குழந்தைகள் முதல் மூன்று வயது வரைக்கும் தனி, மூன்று முதல் ஐந்து வரைக்கும் தனி, வீட்டு டே கேருக்குத் தனி. இதைவிட முக்கியம், சான்றிதழ் வைத்திருப்பவர் உங்கள் மகள் இருக்கும் அறையில் இருப்பாரா, ஆபீஸ் அறையில் இருப்பாரா என்பது. ஒரு காலை வேளையில் சொல்லாமல் போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஒருவர் கையில் எத்தனை குழந்தைகள் என்று எண்ணிவிட்டு 200 டாலரைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

எங்கே சேர்த்தாலும் ரசீதும் அவர்களுடைய வரி அடையாள எண்ணும் கேட்டு வாங்குங்கள். குழந்தைப் பராமரிப்புச் செலவுக்கான வரிச் சலுகைக்கு 2441 படிவத்தில் அந்த எண்ணை எழுத வேண்டியிருக்கும். கேஷாக மட்டும் கொடுங்கள் என்று சொல்கிற இடம் உங்களுக்கு எத்தனை டாலர் குறைத்தாலும் மலிவு அல்ல.

கேள்வி: துணைவரின் எச்1பி வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் இருக்கிறேன், வேலை அனுமதி அட்டை இன்னும் வரவில்லை. சும்மா இருக்கும் நேரத்தில் சி.டி.ஏ. முடித்து வைக்கலாமா?

பதில்: பாடம் படிக்கலாம், எச்4-இல் படிப்புக்குத் தடை இல்லை. 480 மணி நேரம்தான் சிக்கல். சம்பளம் இல்லாமல் தொண்டாகச் செய்த நேரத்தையும் கவுன்சில் ஏற்கும். ஆனால் வழக்கமாகச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கிற வேலையைத் தனியார் டே கேரில் 'சும்மா' செய்வது குடியுரிமைத் துறையின் பார்வையில் வேலையாகவே ஆகிவிடலாம். வழக்கறிஞரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு கேஷ் வாங்குவதும் வேலைதான். அட்டை வரும் வரை அதையும் ஒத்திப்போடுங்கள்.