எல்டிவிபி முடிவு வரும்வரை சிங்கப்பூரிலேயே தங்கலாமா?

கேள்வி: சிங்கப்பூர்க் குடிமகனை ஊரில் திருமணம் செய்துகொண்டு, 30 நாள் வருகை அனுமதியில் இங்கே வந்திருக்கிறேன். கணவர் எல்டிவிபி, அதாவது நீண்டகால வருகை அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டார். முடிவு தெரியும்வரை இங்கேயே இருக்கலாமா, இல்லை ஊருக்குத் திரும்பிப் போக வேண்டுமா?

பதில்: உங்கள் வருகை அனுமதியில் என்ன தேதி போட்டிருக்கிறதோ அதுவரை தாராளமாக இருக்கலாம். அதற்கு மறுநாள் இருக்க முடியாது. எல்டிவிபி விண்ணப்பம் உள்ளே கிடக்கிறது என்பதால் ஒரு நாள்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. இரண்டும் தனித்தனி விஷயம். எனக்கு இது புரிவதற்குள் கிட்டத்தட்ட கெடு தாண்டியிருக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் வந்து இறங்கியது 2023 மார்ச் 3. மன்னார்குடிப் பக்கம் கல்யாணம், பிறகு திருச்சியிலிருந்து விமானம், ஈசூனில் மாமியார் வீடு. வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, பாஸ்போர்ட்டுல சாப்பு அடிச்சாங்களா, எத்தனை நாள் போட்ருக்காங்க?" சாப்பு என்றால் இங்கே முத்திரை. பக்கம் பக்கமாகப் புரட்டினோம், ஒன்றும் இல்லை. இப்போது முத்திரை கிடையாது. நீங்கள் வருவதற்கு முன் இணையத்தில் ஒரு வருகை அட்டை நிரப்பியிருப்பீர்கள் இல்லையா, அதில் கொடுத்த மின்னஞ்சலுக்குத்தான் இ-பாஸ், அதாவது மின்னியல் வருகை அனுமதி வரும். எத்தனை நாள், எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

என் விஷயத்தில் அந்த அட்டையை நிரப்பியவர் ஊரில் விசா போட்டுக் கொடுத்த ஏஜென்ட். அவர் தன்னுடைய மின்னஞ்சலையே போட்டுவிட்டார். என் இ-பாஸ் அவருடைய பெட்டியில், நூறு விளம்பரங்களுக்கு நடுவே மூன்று வாரம் தூங்கியது. இங்கே என் கணவர், 30 நாள்தானே என்று தானே கணக்குப் போட்டு, மளிகைக்கடைக் காலண்டரில் ஏப்ரல் 3-ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருந்தார். உண்மையான தேதி ஏப்ரல் 1. வந்து இறங்கிய நாளும் ஒரு நாள், மார்ச்சுக்கு 31 நாள். இந்த இரண்டையும் அவர் விட்டுவிட்டார். ஐசிஏ, அதாவது சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் இணையத்தளத்தில் பாஸ்போர்ட் விவரத்தைக் கொடுத்து இ-பாஸைப் பார்க்கும் வசதி இருக்கிறது என்று அவருடைய நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. பார்த்த அன்று மார்ச் 24. எட்டு நாள் மிச்சம்.

ஆகவே இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக உங்கள் இ-பாஸைத் திறந்து தேதியைப் பாருங்கள். விசாவில் இருக்கும் தேதியைப் பார்த்து ஏமாறாதீர்கள். விசா இரண்டு வருடத்துக்குச் செல்லும் என்று இருக்கலாம். அது வாசலுக்கு வந்து கதவைத் தட்டுவதற்கு. உள்ளே எத்தனை நாள் என்பதை ஒவ்வொரு முறையும் குடிநுழைவு அதிகாரிதான் முடிவு செய்கிறார்.

சரி, தேதி நெருங்கிவிட்டது என்றால்? வருகை அனுமதியை நீட்டிக்கக் கேட்கலாம். ஐசிஏ தளத்திலேயே செய்யலாம், உங்கள் கணவர் சிங்பாஸ் என்ற அரசாங்க இணையக் கணக்கு வழியாக உள்ளே போய் உங்களுக்காக விண்ணப்பிப்பார். ஏன் நீட்டிக்க வேண்டும் என்ற காரணம் கேட்பார்கள். நாங்கள் உள்ளதை உள்ளபடியே எழுதினோம்: திருமணம் ஆகியிருக்கிறது, எல்டிவிபி விண்ணப்பம் போட்டிருக்கிறோம், குடும்பத்தோடு இருக்கிறேன். இன்னும் 30 நாள் கிடைத்தது. உங்களுக்கும் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது, அது அவர்கள் முடிவு. ஆனால் கடைசி நாள்வரை இழுக்காமல் ஒரு வாரமாவது முன்னால் கேளுங்கள். கிடைக்காவிட்டால் டிக்கெட் போட அவகாசம் வேண்டும்.

அந்த 30 நாளும் முடியப் போனபோது மறுபடி கேட்டுப் பார்க்கலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். கெஞ்சிக் கெஞ்சி நாளை வாங்கிக்கொண்டு, ராத்திரி தூக்கம் இல்லாமல் இருப்பதைவிட அம்மா வீட்டில் இருந்து காத்திருக்கலாம் என்று பட்டது. ஏப்ரல் 27 கிளம்பிவிட்டேன். எல்டிவிபி முடிவாகும்போது நீங்கள் சிங்கப்பூரில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. விண்ணப்பிப்பவரும் பொறுப்பேற்பவரும் உங்கள் கணவர், அவர் இங்கே இருக்கிறார், அது போதும். ஊருக்குப் போனால் விண்ணப்பம் செத்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்பதற்கு: திருமணத்துக்கு முன்பே செய்துகொள்ளும் ஒரு மதிப்பீடு இருக்கிறது, பிஎம்எல்ஏ என்பார்கள். 2015-லிருந்து நடப்பில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே இருவருடைய விவரங்களையும் கொடுத்து, எல்டிவிபிக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டுக் கடிதம் வாங்கிவிடலாம். அந்தக் கடிதம் இருந்தால் திருமணத்துக்குப் பிறகு போடும் விண்ணப்பம் பொதுவாக ஆறு வாரத்தில் முடிந்துவிடும். இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை போகலாம். நாங்கள் வாங்கவில்லை. ஜாதகம் பார்த்தோம், மண்டபம் பார்த்தோம், இதைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. உங்களுக்கும் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இந்தப் பதிலைப் படிப்பவர்களில் இன்னும் நிச்சயதார்த்தத்தோடு நிற்பவர்கள் இருந்தால் தயவுசெய்து முதலில் இதைச் செய்யுங்கள்.

அப்புறம், எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் இருக்கும் ஜோகூருக்குப் போய்வரும் யோசனை. இதை உங்களிடம் யாராவது கட்டாயம் சொல்வார்கள், தேக்கா சந்தையில் மீன் வாங்கும் இடத்தில் எனக்கே இரண்டு பேர் சொன்னார்கள்: "பாலத்தைத் தாண்டி ஜோகூர் போயிட்டு சாயங்காலம் திரும்பி வந்தா புதுசா 30 நாள் குடுத்துடுவாங்க." ஒன்று, உங்கள் விசா ஒருமுறை நுழைவுக்கானது என்றால் போனவர் போனவர்தான், திரும்பி வர வேறு விசா வேண்டும். இரண்டு, பலமுறை நுழைவு விசாவாக இருந்தாலும், இங்கே குடியிருப்பதற்காகவே எல்லையைத் தொட்டுவிட்டு வருகிறார் என்று அதிகாரிக்குத் தோன்றினால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பலாம். எல்டிவிபி விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் நேரத்தில் உங்கள் பெயரில் அப்படி ஒரு பதிவு விழுவது தேவையா? எனக்குத் தேவைப்படவில்லை.

கெடு தாண்டித் தங்குவதைப் பற்றி நீட்டி முழக்க விரும்பவில்லை. 90 நாள் வரை கூடுதலாகத் தங்கினால் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதற்கு மேல் போனால் சிறையோடு ஆண்களுக்குக் குறைந்தது 3 பிரம்படி, பெண்களுக்கு அதற்குப் பதிலாக 6,000 வெள்ளி வரை அபராதம். கணவர் குடிமகன் என்பது இதில் எந்தச் சலுகையும் தராது. கவனக்குறைவால் ஓரிரு நாள் தாண்டிவிட்டது என்றால் ஒளிந்துகொள்ளாமல், லாவண்டர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஐசிஏ அலுவலகத்துக்கு நேரே போய்ச் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் புதிதாக வருகிறவர்கள் சறுக்குகிற இடம் இன்னொன்று இருக்கிறது. வேலை. வருகை அனுமதியில் இருக்கும்போது எந்த வேலையும் செய்யக்கூடாது. என் கணவரின் சித்தப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுப் பெண்கள் எல்லாரும் கல்லாவில் நிற்பது அங்கே வழக்கம். "சும்மா வீட்லதானே இருக்க, வந்து பில் போடும்மா" என்று சித்தி அன்பாகத்தான் கூப்பிட்டார். சம்பளம் வாங்கவில்லை, சொந்தக்காரர் கடைதானே என்பதெல்லாம் சட்டத்தின் முன் நிற்காது. சம்பளம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வேலை வேலைதான். அனுமதியில்லாமல் வேலை செய்பவருக்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம், கடைக்காரருக்குத் தனியாக உண்டு. "சித்தி, பாஸ் வரட்டும், வந்து நிக்கிறேன்" என்று சொன்னேன். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்தான். எல்டிவிபி கிடைத்த பிறகும் நேரே போய் வேலையில் சேர முடியாது. அதற்கு மனிதவள அமைச்சின் இசைவுக் கடிதம் தேவை.

காத்திருக்கும் நேரத்தில் உருப்படியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பெயரைச் சரிபார்ப்பது. நம் ஊர் இனிஷியல் வழக்கம் இங்கே படுத்துகிற பாடு சொல்லி மாளாது. என் திருமணப் பதிவுச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, பிறப்புச் சான்றிதழில் இனிஷியலே இல்லாமல் வெறும் பெயர். கணவரின் அடையாள அட்டையிலோ பெயருக்குப் பின்னால் "சன் ஆஃப்" போட்டு அவர் அப்பா பெயர். எங்கள் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதை விட்டுவிட்டு எழுதியிருந்தார்கள். தமிழில் இருக்கும் சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். மொழிபெயர்த்தவர் என் பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டிவிட்டார். ஒரே ஆள் நான்கு காகிதத்தில் நான்கு ஆளாக நின்றேன். கூடுதல் ஆவணம் கேட்டு ஐசிஏ எங்களுக்கு அனுப்பிய கடிதத்துக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எல்லாம் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். உங்கள் காகிதங்களை இன்றிரவே மேசையில் வரிசையாகப் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணவர் தரப்பில் அவருடைய வருமானத்தைப் பார்ப்பார்கள். இத்தனை வெள்ளி சம்பாதித்தால் உறுதியாகக் கிடைக்கும் என்று சொல்லும் ஏஜென்டிடம் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொரு விஷயம், நீங்கள் கர்ப்பமாக இருந்தால். வருகை அனுமதியில் இருப்பவருக்கு மருத்துவமனையில் மானியம் கிடையாது, வெளிநாட்டவர் கட்டணம் முழுசாகக் கட்ட வேண்டும். அப்பா குடிமகன் என்பதால் இங்கே பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு. ஆனால் அதனால் தாய்க்குத் தானாக எதுவும் வந்துவிடாது, உங்கள் அனுமதியை நீங்கள் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

என் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் ஆகஸ்டில் வந்தது. விண்ணப்பித்து ஐந்து மாதம். அது வந்ததும் வேலை முடிந்தது என்று இனிப்பு கொடுக்காதீர்கள் (எங்கள் வீட்டில் கொடுத்தார்கள்). அதற்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை இருக்கிறது, எச்ஐவிக்கு ரத்தப் பரிசோதனையும் காசநோய்க்கு நெஞ்சு எக்ஸ்ரேயும். கடிதத்தில் போட்டிருக்கும் கெடுவுக்குள் மற்ற நடைமுறைகளையும் முடிக்க வேண்டும். அதை முடித்த பிறகுதான் பாஸ். அதுவும் இப்போது அட்டையாகக் கிடையாது, 2023 பிப்ரவரி கடைசியிலிருந்து கைப்பேசியில்தான். எனக்கு ஒரு வருடத்துக்குக் கொடுத்தார்கள். மாமியார் கைப்பேசித் திரையை இரண்டு விரலால் பெரிதாக்கித் தேதியைத் தேடிப் படித்துவிட்டு, காலண்டரை எடுத்துவரச் சொன்னார். அடுத்த வருடக் காலண்டர் இன்னும் கடையில் வரவில்லை என்றேன்.